அசையாதவரின் தும்மல்

அசையாதவர் வந்திருக்கிறார் என்றதும் ஊரே ஆடிப்போயிற்று. அவர் மட்டும் ஆடவில்லை. அதுதானே விசேஷம்! கை கால் அசையாது, கண் இமைக்காது, உதடு பிரியாது. ஆனால் குரல் மட்டும் கணீரென்று வரும். பரபரவென்று அலைகிறவர்கள் உடம்பில் 'பறக்கும் காற்று' புகுந்திருக்கிறதாம். ஒரே பார்வையில் அதை உட்கார வைத்துவிடுவாராம். மூடிக்கிடந்த சினிமா கொட்டகையின் வாசலில் விடிந்ததிலிருந்து வரிசை. தூக்கம் வராத கணக்கர்கள், ஓயாமல் காலாட்டும் இளைஞர்கள், வாய் ஓயாத மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்த மருமகன்கள்... காற்று யாரைத்தான் விட்டது?

வரிசையில் தையல்காரியும் நின்றாள். நின்றாள் என்பது பொய், குதித்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குச் சூறாவளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சில மாதங்களாகத்தான் இந்தக் கோலம். துணி வெட்டும் கை நடுங்கியது. நெஞ்சு தையல் மெஷினைவிட வேகமாகத் தடதடத்தது. இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளத்தது. டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, தள்ளிப்போடாதீங்க" என்றிருந்தார். தள்ளிப்போட்டவர் கணவர்.

"ஊசி குத்தினா காத்து இன்னும் உள்ள போயிடும்னு அக்கா சொல்றா."

"ஊசி குத்தினா காத்து வெளியதானேங்க வரும்? நீங்க பலூனே பாத்ததில்லையா?"

கணவரின் அக்கா முறைத்தாள். விவாதம் முடிந்தது.

உள்ளே ஒரே புகை. கயிற்றுத் தடுப்புக்கு அப்பால், மேடையில் சால்வை போர்த்தி அமர்ந்திருந்தார் அசையாதவர். "கிட்ட போனா எரிஞ்சுடுவீங்க" என்று எச்சரித்தான் சீடன். எங்கிருந்தோ வந்த ஓர் ஈ மகானின் கண்விழியிலேயே இறங்கி உலாவியது. இமை அசையவில்லை. "ஆகா!" என்றது கூட்டம். ஈ மட்டும் ஏன் எரியவில்லை என்று யோசித்தவள் தையல்காரி ஒருத்திதான்.

"மகளே! மருந்து மாத்திரையைத் தொடாதே. இந்தக் கல்லை மடியில் வைத்து உட்கார்ந்திரு!" என்றது குரல்.

சீடன் கொடுத்த தெய்வீகக் கல்லின் ஒரு பக்கத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

கல் மடியில் உட்கார்ந்தது, காற்று உட்காரவில்லை. ஒருநாள் மாடிப்படியில் மூச்சிரைத்து, கண் இருட்டி, தையல்காரி அப்படியே சரிந்தாள். கணவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"கல்லு சின்னது. பெரிசா வாங்கு" என்றாள் அக்கா.

தையல்காரி தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சரி, இன்னொரு தடவை போலாம். அவருக்கு உசிரு இருக்கான்னு நான் பாக்கறேன். இருந்தா பாறாங்கல்லையே மடியில வெச்சுக்கறேன். இல்லாட்டி நேரா ரத்த டெஸ்ட். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கணவர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

இந்த முறை அவள் கைக்குட்டையில் மிளகுப்பொடி இருந்தது. மேடையை நோக்கிச் சுழன்ற மின்விசிறியின் முன்னால் போய் ஓர் உதறு உதறினாள். முன்வரிசை தும்மியது. சீடன் தும்மினான். அக்கா தும்மித் தும்மி மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தாள். அசையாதவர் அசையவில்லை.

"தும்மலையே ஜெயிச்ச மகான்!" என்று ஒருவர் கண்ணீர் விட்டார். பாதி பக்தி, பாதி மிளகு.

அப்போது மகானின் முதுகுக்குப் பின்னால், திரைக்குள்ளிருந்து, ஒலிபெருக்கியில் கொட்டகையே அதிரக் கேட்டது: "ஹாச்ச்ச்!"

"பாத்தியா, மூக்கையே அசைக்காம தும்மறார்!" என்றாள் அக்கா.

தையல்காரி கயிற்றைத் தாண்டினாள். மகானின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். தலை கையோடு வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பொம்மை! கணவர் ஓடிப்போய்த் திரையை விலக்கினார். மைக்கும் கையுமாக மூக்கு ஒழுக நின்றான் ஒரு தடியன். சீடன் அதற்குள் பின்வாசலில் பறந்துகொண்டிருந்தான். பறக்கும் காற்று அவனைப் பிடித்துக்கொண்டது போலும்.

"தலையையே கழட்டி வைக்கிற சித்து!" என்று கும்பிட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ரத்த டெஸ்டில் உண்மை தெரிந்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

"பரபரப்புக்கு ஆயிரம் காரணம் இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "சுரப்பிக் கோளாறா இருக்கலாம், தூக்கக் குறைவா இருக்கலாம், சிலருக்குச் சின்ன வயசிலேருந்தே மூளையோட போக்கே அப்படி இருக்கும். எதுன்னு கண்டுபிடிச்சாத்தான் வைத்தியம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயத்துக்கே ஆபத்து."

கணவரே போய் மாத்திரை வாங்கி வந்தார். மாத்திரையில் கை நடுக்கம் நின்றது. சட்டையும் உடம்போடு பொருந்தியது.

அக்கா மட்டும் ஒருநாள் மெல்லக் கேட்டாள்: "அந்தச் சாமி அடுத்து எந்த ஊர்ல இருக்காருன்னு தெரியுமா?"

தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்: "அந்தப் பொம்மைத் தலையைக் கழட்டிப் பாத்தேன்க்கா, உள்ள ஒண்ணுமில்ல. அதால யோசிக்க முடியாது, பாவம். உங்களுக்கு என்னக்கா கேடு?"