சாப்பாட்டு மேசையில் ஒரு விமானத் தளம்

ஹட்டனுக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையில் உள்ள தேயிலைத் தோட்டங்களைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் ஆகாசக் கிளாக்கரைப் போல ஒரு பிடிவாதக்காரர் அகப்படமாட்டார். தோட்டத்துக் கந்தோரில் அவர் பெரிய கிளாக்கர், நான் சின்னக் கிளாக்கர். குவார்ட்டர்ஸும் பக்கத்துப் பக்கம்.

யுத்தகாலத்தில் அவர் கொழும்புப் பக்கம் ஒரு விமானத் தளத்தில் ஸ்டோர் கிளாக்கராக இருந்தவர். விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் பேச்சைக் கேட்டால், இவர் ஆணி எண்ணிக் கொடுத்திராவிட்டால் நேச நாடுகள் தோற்றே போயிருக்கும். அந்தத் தளத்தை அப்படியே சின்னதாகச் செய்து சாப்பாட்டு மேசையில் நிறுத்தியிருந்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் விமானக் கொட்டகை, பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் விமானங்கள், தேயிலைத் தூளைப் பசையில் குழைத்து ஓடுபாதை, ஓடைக்கரைப் பாசியில் புல்வெளி. கொட்டகை வாசலில் விரல் நகத்தளவு ஆட்கள். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஒருநாள் மறதியாகத் தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டேன்.

"தம்பி, ஓடுபாதையில கப்ப வச்சிட்டீங்களே. இப்ப ஒரு பிளேன் எறங்குனா என்னா செய்வீங்க?"

வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், பின்னால் ஒரு மலை வைத்தால் அழகாயிருக்குமே என்றார். "அங்க மலை இல்லீங்க சாமி" என்று அவரையே மடக்கிவிட்டார் மனிதர்.

கிறிஸ்மஸ் வந்தது. குடில் கட்ட மேசை ஏது? பாலன் இயேசுவின் சுரூபம் சுவர்ப் பலகையில் மாதாவுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. பண்டிகை முடிந்த கையோடு அவர் மகள் ரெஜினாவைப் பெண் பார்க்கப் பூண்டுலோயாவிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார். ஏற்கெனவே ஒரு சம்பந்தம், 'பொண்ணோட அப்பா ஒரு மாதிரி' என்ற பேச்சால் தட்டிப்போயிருந்தது. அவர்கள் வருகிற அன்று காலை கிளாக்கரம்மா அவரிடம் கெஞ்சினார்.

"இன்னிக்கி ஒரு நாளைக்காவது அத எடுத்து வையிங்களேன்."

"ஏர்போட்ட எப்புடிம்மா தூக்குறது?"

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மேசையைப் பார்த்தார். பாசி, கொட்டகை, வாசலில் ஆட்கள். உடனே முக்காட்டை இழுத்துவிட்டு, சிலுவை போட்டு, முழங்காலில் நின்றார்.

"குடிலு ரொம்ப அம்சமா இருக்குங்க" என்றார் எழுந்து. அப்புறம் முகம் மாறியது. "பாலன் எங்கங்க? பண்டிகை முடிஞ்சும் பாலன் இல்லாத குடிலா?"

சாமியாருக்கே விட்டுக்கொடுக்காதவர் இந்த அம்மாளுக்கா விட்டுக்கொடுப்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டகைக்குள்ளிருந்த இரண்டு விமானங்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். சுவர்ப் பலகையிலிருந்த பாலனை இறக்கி அங்கே கிடத்தினார். குண்டு போடும் விமானத்தைவிடப் பாலன் பெரிசு.

"வெளிய ரெக்கையோட நிக்கிறதெல்லாம்?" என்றார் அந்த அம்மாள்.

"வானத்துலருந்து எறங்குன சம்மனசுங்க" என்றார் ஆகாசக் கிளாக்கர், கண்ணிமைக்காமல்.

சம்பந்தம் அன்றே முடிவானது.

கல்யாணம் முடிந்து, பெண்ணைப் பூண்டுலோயாவுக்கு அனுப்பிய மறுநாள் போனேன். தவக்காலமே நெருங்கிவிட்டது. பாலன் இன்னும் கொட்டகைக்குள்தான் படுத்திருந்தார்.

"பிளேன உள்ள விடலீங்களாய்யா?"

"இருக்கட்டும் தம்பி. பிள்ள போன வீடு. ஒரு பிள்ளையாவது இருக்கட்டுமே."

அன்றைக்கு அவரைத் தனியே விட்டுவிட்டு எழுந்து வர எனக்கு மனமே வரவில்லை.