தரையில் தாழ்ப்பாள் வைத்த கார்

புதுச்சேரி,
வியாழன் மாலை

அன்புள்ள ஆரிப் அண்ணனுக்கு, தங்கை மஹீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மார்செய் நகரில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கு நலம், என் வீட்டுக்காரர் ஸாகிப்தான் இந்தக் காரால் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை.

“விக்கச் சொன்ன காரை எதுக்குடி கழட்டிப் போட்ட?” என்று போனில் கேட்டீர்கள். எனக்கே தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதில், கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டு, ஸ்கூட்டர் பஞ்சருக்குக்கூட ஆள் கூப்பிடுகிறவள் நான். சென்னையிலிருந்து விஜயராகவன் என்பவர் உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருவார், தூசி தட்டி வை என்று இரண்டு மாதம் முன்பு சொன்னீர்கள். தூசி தட்டத்தான் போனேன்.

தூசிக்குக் கீழே துரு. துருவைச் சுரண்டினால் டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தரையே இல்லை, ஷெட்டின் சிமெண்ட் தெரிகிறது. மூன்று மெக்கானிக்குகள் வந்து மூன்று விதமாகச் சொன்னார்கள், அதில் ஒருவர் போனட்டைத் திறக்காமலே சொன்னார், அதனால் உங்கள் பிரெஞ்சு மானுவலை விரித்து வைத்துக்கொண்டு நானே இறங்கிவிட்டேன். தகடு பற்றவைக்க மட்டும் அரியாங்குப்பத்தில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற ராஜாங்கத்தைக் கூப்பிட்டேன். நான் காலேஜிலிருந்து திரும்புவதற்குள் முடித்துவிட்டார். தகட்டுக்கு இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள்!

“என்ன ராஜாங்கம் இது?”

“மண்ணு கிண்ணு சேந்தா தொறந்துவுட்டு பெருக்கிக்கலாம் மேடம். பூட்டுகூட மாட்டலாம்.”

“ஓடுற வண்டியில எவன் தரை வழியா திருட வருவான்?”

“நிக்கிறப்ப வருவான்ல?”

எம்.எஸ்ஸி. படித்தவள், கூலியை எண்ணிக் கொடுத்தேன். அப்புறம் கார்புரேட்டர். இரண்டு இருக்கிறது, இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டுமாம், இல்லாவிட்டால் இன்ஜின் இருமி இருமி நின்றுபோகிறது, அதை ஓடவிட்டு மீன்தொட்டிக் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை அதன் வாயிலும் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தபோது ஸாகிப் வந்து, “பசங்களுக்கு வைவா வெச்சது போதாதா, இப்ப காருக்கும் வெக்கிறியா?” என்றார். அந்த நிமிஷம் பார்த்து இரண்டு சீறலும் ஒன்றாகிவிட்டது அண்ணே! நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இருமாமல் பற்றிக்கொண்டது! நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். மறுபடியும் பற்றியது!

ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தேன். ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. நம் ஊரில் அது குறையே இல்லை. வாசலைத் தாண்டிவிட்டாலும் நாலு தெரு திரும்பினால் மறுபடி வாசல். நோணாங்குப்பம் பாலத்தில் தாழ்ப்பாள் கழன்று தரைத் தகடு திறந்து என் இடது செருப்பு ரோட்டோடு போயிற்று. பின்னால் வந்த டவுன் பஸ் கண்டக்டர், “யம்மா, ஒன் வண்டி செருப்ப கழட்டி அடிக்குது!” என்று கத்துகிறான். நான் நிறுத்தவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் ஒற்றைச் செருப்போடு ஓட்டினேன்.

அண்ணே, விற்காதீர்கள். விஜயராகவன் நாளை வருகிறார். எனக்கென்று உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இந்த வண்டியை எனக்கு விட்டுவிடுங்கள். அண்ணிக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம், அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

தங்கை,
மஹீரா

பி.கு. வெள்ளி மாலை. பிழை திருத்தி அனுப்பலாம் என்று நேற்று வைத்துவிட்டேன். விஜயராகவன் காலையிலேயே வந்துவிட்டார். விற்பதற்கில்லை என்று சொல்லத்தான் ஷெட்டைத் திறந்தேன். அவர் குனிந்து பார்த்து, “எந்தக் கத்துக்குட்டி மேடம் இதச் செஞ்சது? இது ஓடாது,” என்றார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் பாடம் நடத்தினேன். பக்கத்தில் உட்காரவைத்து வீராம்பட்டினம் வரை ஓட்டியும் காட்டினேன். இறங்கியதும் மனிதர், “இவ்ளோ பாத்துப் பாத்து செஞ்ச வண்டிய நான் எங்க போய்த் தேடுவேன்? இப்பவே எடுத்துக்கறேன்,” என்று உருகிவிட்டார். அந்தப் பெருமையில் நீங்கள் கையெழுத்திட்டு வைத்திருந்த விற்பனைப் படிவத்தை எடுத்து நானே நீட்டிவிட்டேன். காலாப்பட்டு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டதென்று போன் வந்தது. ஜும்மா முடிந்து ஸாகிப் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். இருபது நிமிஷத்தில் கிளப்பினேன். விஜயராகவன் என் கரி பிடித்த கையைப் பார்த்தார். “மேடம், இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் மாசம் ஒரு தடவ வந்து பாத்துக்கறேன்,” என்றார்.

கார் இப்போது அவருடையது. நிற்பது நம் ஷெட்டில். நாளை கியர்பாக்ஸை இறக்குகிறேன்.