டேஸ்ட்டர் கழுவிய கார்பரேட்டர்

மனைவியின் இட்லிச் சட்டியில் மோட்டார் சைக்கிள் கார்பரேட்டரைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியவன் நான். இதை ஒப்புக்கொண்ட பிறகு நான் சொல்லும் எதையும் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்: இலங்கை மலைநாட்டில் பிறந்த மனிதர்களில் டேஸ்ட்டர் அளவுக்கு நம்பிக்கையோடு துப்பியவர் எவருமில்லை.

டேஸ்ட்டர் என்பது ஊரார் வைத்த பெயர்; சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ருசி பார்க்கும் அறையில் கோப்பை கழுவியவர். ருசி பார்த்தவர்கள் வேறு. அவர்கள் தேநீரைக் கரண்டியில் எடுத்து ‘ஸ்ர்ர்ப்’ என்று உறிஞ்சி, கன்னத்துக்குள் உருட்டி, துப்பிவிட்டு, முகத்தைச் சுளித்து ஒரு வார்த்தை சொல்வார்கள். அதைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்த இவர், தேயிலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டார்.

ஓய்வுபெற்ற பிறகும் கைப்பிடி உடைந்த எனாமல் கோப்பை ஒன்று அவரோடு போகாத இடமில்லை. கல்யாண வீட்டுப் பாயசம், சாவு வீட்டுக் கோப்பி எல்லாம் வாயில் ஒரு சுற்றுச் சுற்றி அந்தக் கோப்பையில்தான் முடியும். “முந்திரி கூடிருச்சு. பாடி இல்ல, திடம் பத்தாது” என்பார், பெண்ணைப் பெற்றவர் காதுபடவே. கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது மட்டும் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரை, பள்ளிக்கூட வாத்தியாரான நான் இயந்திர விஷயத்தில் ஆலோசகராக வைத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என்னிடம் இருப்பது போலவே ஒரு பழைய பைக் அவரிடமும் இருந்தது. அதே கம்பெனி, அதே வயது. என்னுடையது மேட்டில் இருமும், அவருடையது இருமாது. அவர் அதைக் கழற்றியதே இல்லை. “கழுவுனா குணம் போயிரும் மாஸ்டர். டீ ஊறுற டீப்பொட்ட யாராச்சும் சோப்புப் போட்டுக் கழுவுவாங்களா?” என்பார்.

என் மனைவி சரோஜாவை டயகமவுக்குப் பெண் பார்க்கப் போனது இந்த பைக்கில்தான். அதனால்தான் அவளுக்கு இதன்மேல் இவ்வளவு கோபம் என்பது டேஸ்ட்டரின் கருத்து. இட்லியில் மண்ணெண்ணெய் வாசம் வந்த காலை அவள் தீர்ப்புச் சொன்னாள்:

“தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு இதுல தான் போறோம். அது ஓடலன்னா, பழைய இரும்புக்காரன் வர்ற அன்னைக்கு நானே கேட்டைத் தொறந்து விடுவேன். அப்புறம், குசினிப் பக்கம் உங்க இரும்புச் சாமான் எதுவும் வரக்கூடாது.”

ஆகவே வீட்டுக் கராஜுக்கு, கையைக் கடிக்காத விலையில், பாகங்கள் கழுவும் இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது. ஹட்டனில் ஒரு கடையில் சிவப்பு நிறத்தில் மூடி போட்ட ஒன்றைக் காட்டினார்கள். டேஸ்ட்டர் அதைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

“மாஸ்டர், இது பேசின். கால் வச்ச பேசின். ஒரு பம்ப்பு, ஒரு டியூப்பு. வெல பூரா பெயின்ட்டுக்குத்தான்.”

கடைக்காரர் அப்போதும் பொறுமையாகத்தான் இருந்தார். தேநீர் கொடுத்து உபசரித்தார். டேஸ்ட்டர் உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். அத்தோடு அந்தக் கடையில் எங்கள் வியாபாரம் முடிந்தது.

நாமே செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. நுவரெலியாவில் இடித்துக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில் ஆழமான ஸ்டீல் சிங்க் கிடைத்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழிக்கலாமா என்று யோசித்தார். சிங்க்கை மேசையில் பொருத்தி, கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்தோம். டிரம்மிலிருந்து சின்னப் பம்ப் ஒன்று தண்ணீரை டியூப் வழியாக மேலே தள்ளும். அழுக்கோடு அது மறுபடி டிரம்முக்கே இறங்கும். பம்ப்பைக் கொடுத்தது பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ரசீன் நானா. கூடவே புத்தியும் சொன்னார்:

“பெட்ரோல் போட வாணாம் மாஸ்டர், பம்ப்புல கரண்ட் ஈக்கி, பத்திக்கும். மண்ணெண்ணையும் வாணாம், றப்பர தின்டுடும். இந்தக் கிரீஸ் சோப்ப சுடுதண்ணியில கரைங்க. அவ்வளவுதான்.”

கடையை விட்டு இறங்கியதும் டேஸ்ட்டர் ஒரே வார்த்தையில் சொன்னார்: “வீக்கு.”

பழைய செயினைக் கழுவிய முதல் வெள்ளோட்டத்தில் டிரம்மின் அடியில் தங்கிய சேற்றையெல்லாம் பம்ப் உறிஞ்சி என் முகத்தில் பீய்ச்சியது. துப்புவதில் ஆயுளைக் கழித்தவர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்தார். “கசடு அடியிலதானே தங்கும் மாஸ்டர்? பம்ப்ப ஒரு செங்கல் மேல ஏத்துங்க.” ஏற்றினோம். அது சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வெற்றிதான் எங்களைக் கெடுத்தது.

அடுத்து, எதில் கழுவுவது என்பதை முறைப்படி ருசி பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்றார். கராஜ் பலகையில் வரிசையாகக் கிண்ணங்கள்: பாத்திரச் சோப்பு, துணித் தூள், நானாவின் சோப்பு, கடைசியாக எங்கிருந்தோ அவர் கொண்டுவந்த காஸ்டிக் சோடா. ஒவ்வொன்றிலும் ஒரு கிரீஸ் அப்பிய போல்ட்டைப் போட்டு, மூடிவைத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு கரண்டியை எடுத்தார்.

குசினி ஜன்னலிலிருந்து சரோஜா அலறினாள்: “அண்ணே! வாயில வச்சிராதீங்க!”

“பயப்படாத தங்கச்சி. இதுக்கு மூக்கே போதும்.”

வரிசையாக மோந்து தீர்ப்பு வழங்கினார். “சோப்பு, வீக்கு. தூளு, சுமாரு. நானாவோடது புள்ளைங்க குளிக்கலாம். இந்தா, இதுதான் ஸ்ட்ராங்கு.” காஸ்டிக் சோடாவில் கிடந்த போல்ட் பளபளவென்றிருந்தது.

போல்ட் இரும்பு, கார்பரேட்டர் அலுமினியம். எத்தனையோ புத்தகம் படித்தவன் நான். இரசாயனம் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே என்னைக் கைவிட்டிருந்தது. கார்பரேட்டரைக் காஸ்டிக் சோடாவில் போட்டு, நல்ல தேயிலை ஊறுவது போல ஊறட்டும் என்று மூடிவைத்தோம். உள்ளே ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம்.

“கேக்குதா மாஸ்டர்? அழுக்கு பேசுது.”

பேசியது அழுக்கல்ல, அலுமினியம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தபோது கரிக்கட்டை போல ஒன்று, அம்மைத் தழும்பு முகத்தோடு எங்களைப் பார்த்தது. ஓர் ஓரம் கரைந்தே போயிருந்தது. தீபாவளிக்கு இரண்டே நாள். கொழும்பிலிருந்து புதிதாக வரவழைக்க நேரமில்லை. டேஸ்ட்டர் துப்பக்கூட இல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் காலை பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வாசலில் நின்றார். உள்ளே அவருடைய பைக்கின் கார்பரேட்டர்.

“மாட்டுங்க மாஸ்டர்.”

“உங்க பைக்கு?”

“அது எங்க போகப்போவுது? மழை விடட்டும்.”

“இது ரொம்ப அழுக்கா இருக்கே. கழுவுனா குணம் போயிரும்னு சொல்வீங்களே?”

பத்திரிகைத் தாளை நாலாக மடித்தார். “போனாப் போவுது. தங்கச்சி அம்மாவப் பாக்கப் போகணும்ல.”

நானாவின் ‘வீக்கு’ சோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்தோம். சிங்க்கின் ஓட்டைக்கு நேர் கீழே டேஸ்ட்டர் தன் எனாமல் கோப்பையை வைத்தார். கசடு அதில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து டிரம்முக்குப் போகும். பம்ப் ஓடியது. நான் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, பல வருடக் கறுப்பு வழிந்தது. பிள்ளைக்குக் காது குத்தும்போது தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

பைக் கிளம்பியது. டயகம வரைக்கும் மேட்டில் ஒருமுறைகூட இருமவில்லை. என் மாமியார் பைக்கைச் சுற்றிவந்து பார்த்து, “இது இன்னும் உசிரோடதான் இருக்கா?” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டது போலத்தான் இருந்தது.

டேஸ்ட்டருக்குப் புதுக் கார்பரேட்டர் சொல்லியிருக்கிறேன். இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை தினமும் சாயந்தரம் நடந்தே வந்து, என் பைக்கை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போகிறார். நேற்று நானே தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சினார், உருட்டினார். பிறகு, இத்தனை காலத்தில் முதல் தடவையாக, விழுங்கினார்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்: “சரோஜா, நான் ஊத்துன டீயை டேஸ்ட்டர் விழுங்கிட்டாரு!”

அவள் இட்லிச் சட்டியைத் தேய்த்தபடி தலை நிமிராமல் சொன்னாள்: “விழுங்காம என்னங்க பண்ணுவாரு? துப்புற கோப்பையத்தான் நீங்க சிங்க்குக்கு அடியில வச்சிருக்கீங்களே. எடுத்துக் குடுங்க, பாவம்.”