எட்டு எண்ணி உட்காருவது எப்படி

நாமெல்லாம் ஒரு வயதிலேயே நடக்கக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், இல்லையா? தப்பு. நாம் நடப்பது நடையே அல்ல என்று சொல்வதற்கென்றே உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. நாடகக் குழுக்களில் அதற்கு ‘அசைவு மாஸ்டர்’ என்று பெயர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஒத்திகைக் கூடத்தின் நாலு மூலையையும் உள்ளங்காலால் தடவிப் பார்த்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்து, “உடம்பு பொய் சொல்லாது” என்பார். வாய்க்கு உத்தரவாதம் இல்லை.

எதையும் அவர் எட்டு எண்ணிக்கையாகப் பிரித்துவிடுவார். கதவு திறக்க எட்டு. தும்ம எட்டு. ஒரு குழுவில், பிணமாகப் படுத்திருந்த நடிகர் ஒருவரை, “ரொம்ப அசமந்தமா செத்திருக்கீங்க சார்” என்று எழுப்பி எட்டுத் தடவை சாகவைத்தார். அதன்பிறகு அந்த மனிதர் எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். “இப்பதான் சரியா வந்திருக்கு” என்று பாராட்டு வேறு.

அதே குழுவில் ஒரு நடிகை இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. இருபது வருடம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவருக்கு முதல் தடவையாக ஒரு காட்சி கிடைத்தது. மகன் இறந்த செய்தியைக் கடிதத்தில் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார வேண்டும். வசனம்கூட இல்லை. முதல் ஒத்திகையில் அவர் உட்கார்ந்ததைப் பார்த்து, விளக்கு மாட்டுகிறவர் ஏணியிலேயே அழுதார். மாஸ்டர் மட்டும் உச்சுக் கொட்டினார்.

“அக்கா, நீங்க உட்கார்றீங்க.”

“ஆமா தம்பி, அப்படித்தானே எழுதியிருக்கு?”

“நீங்க உட்காரக் கூடாது. நாற்காலி உங்கள வாங்கிக்கணும்.”

“அத நாற்காலிகிட்ட சொல்லுங்களேன்.”

ஒன்றில் முழங்கால் சந்தேகப்பட வேண்டும், இரண்டில் இடுப்பு விடைபெற வேண்டும், ஐந்தில் முதுகெலும்பு மகனை நினைக்க வேண்டும், எட்டில்தான் இருக்கை. மூன்று வாரம் இதே பாடம். அக்காவுக்கு உட்காருவதே மறந்துபோயிற்று. பஸ்ஸில் இடம் கிடைத்தால், ஆறு எண்ணுவதற்குள் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

அரங்கேற்ற நாளன்று இயக்குநர் சொல்லிவிட்டார்: “இன்னிக்கும் தடுமாறினா அந்தக் காட்சிய எடுத்துடுவேன்க்கா. கோச்சுக்காதீங்க.”

திரை விலகிற்று. கடிதம் படித்தாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... அப்புறம்? முழங்கால் சந்தேகத்திலேயே நின்றுவிட்டது. அரங்கில் யாரோ இருமினார்கள். அக்காவுக்கு நேரெதிரே, பக்கத் திரை மறைவில் நின்றிருந்த மாஸ்டருக்குத் தன் பெயர் சந்தி சிரிக்கப்போவது புரிந்தது. முகம் வெளுத்து, கால் துவண்டு, பின்னால் இருந்த பெயிண்ட் டின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எண்ணவே இல்லை.

அக்கா அதைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்தார்.

பிறகு கைதட்டல், கூரை பெயர்ந்து பக்கத்துத் தெருவில் விழுகிற அளவுக்கு.

நாடகம் முடிந்ததும், பின்பக்கம் நீல பெயிண்ட்டோடு மாஸ்டர் ஓடிவந்தார். “பாத்தீங்களாக்கா? எட்டும் கச்சிதமா விழுந்துச்சு!”

“விழுந்துச்சு தம்பி, நானும் பாத்தேன். அந்த டின்ன மட்டும் நாளைக்கும் அங்கயே வெச்சிருங்க.”

அத்தோடு அவருக்குப் புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? மறுநாள் காலை கூடத்தின் நடுவில் டின்னை வைத்து, அதன்மேல் தற்செயலாக விழுவதை எட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று வீட்டில் ஒருவர் தன்பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, “அப்படி இல்ல, இங்க குடு” என்று கையிலிருந்து பிடுங்கினது யார்? மாஸ்டருக்காவது அதற்குச் சம்பளம் உண்டு.