பன்னிரண்டு மணிக்கு மருதமரத்து வளைவு

ஒரு காட்டில், ஆறு நாணலும் கோரையுமாகச் சதுப்பில் கலக்கிற ஓரத்தில், ஏகாம்பரம் என்றொரு கீரி இருந்தது. நேரம் என்றால் அதற்கு உயிர். கல்யாணத்துக்குப் போனால் பந்தல்காரனுக்கு முன்னால் போய் நிற்கும். அதற்கு வாய்த்த சிநேகிதங்கள் இருக்கின்றனவே, என்னவென்று சொல்ல! தங்கப்பழம் என்று ஒரு குரங்கு, செண்பகவல்லி என்று ஒரு மான். இரண்டும் தத்தம் கல்யாணத்துக்கே தாமதமாய்ப் போனவை.

மூன்றும் ஒருநாள் முழுக்கத் துடுப்புப் படகில் சதுப்பைச் சுற்றி வருவதென்று முடிவாயிற்று. ஏகாம்பரத்துக்கு ஒரே ஆசைதான். ஆயுசில் ஒரு தடவையாவது, போட்ட திட்டம் போட்டபடி நடக்க வேண்டும்.

ஆற்றில் இறங்க அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும் அதிகாரி ஒரு முதலை. விண்ணப்பம் நாலு பக்கம். எந்த வளைவில் எத்தனை மணிக்கு, யாருக்கு நீச்சல் தெரியாது, ஆளுக்கு என்ன எடை, கடைசியாகக் குளித்தது எப்போது என்றெல்லாம் கேட்டிருந்தது.

"இதெல்லாம் எதுக்குங்க சார்?" என்றது ஏகாம்பரம்.

"எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றது முதலை, எச்சிலை விழுங்கிக்கொண்டு. "மத்தியானச் சாப்பாடு எங்கேன்னு எழுதலையே?"

"பன்னிரண்டு மணிக்கு மருதமரத்து வளைவுல சார். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது."

"உங்களை மாதிரி நாலு பேர் கிடைச்சா போதும்யா!" என்று முத்திரையைக் குத்தியது முதலை. ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு அதிகாரி பாராட்டினால் நம்மவர்களுக்குப் புத்தி வேலை செய்யுமா, பாவம்.

கிளம்ப வேண்டிய நேரம் காலை ஆறு. ஐந்தே முக்காலுக்குக் கட்டுச்சோற்றோடு துறையில் நின்றது ஏகாம்பரம். வேறு ஒரு ஈ, காக்கை இல்லை. துடுப்புகளோ தங்கப்பழத்தின் வீட்டில். ஏழு மணிக்குப் போன் போட்டது.

"வந்துட்டே இருக்கேண்ணே, பாலத்துக்கிட்ட" என்றது தங்கப்பழம், போர்வைக்குள்ளிருந்து. அந்தக் காட்டில் பாலமே கிடையாது.

செண்பகவல்லியைக் கேட்டால், "தலைக்குக் குளிச்சிட்டேண்ணே, காயட்டும், அஞ்சே நிமிஷம்" என்றது. மான் தலையில் காய என்ன இருக்கிறது? கேட்டால் கோபித்துக்கொள்ளும்.

இரண்டும் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. "உங்களோட சேர்ந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்!" என்று ஏகாம்பரம் அழாத குறையாகக் கத்தியது. அதன் ஆசையில் மண் விழுந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே துடுப்புப் போட்டது.

மருதமரத்து வளைவில் என்ன நடந்ததென்று கேளுங்கள். பன்னிரண்டுக்கே முதலை தன் மச்சான் குடும்பத்தைக் கூட்டிவந்து வரிசையாக இலை போட்டு உட்கார வைத்திருந்தது. ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. "வெறும் இலையைக் காட்டவா கூப்பிட்டீங்க மாமா?" என்று மச்சான் முறைத்துக்கொண்டு போய்விட்டது. முதலை பசியும் வெயிலுமாகச் சுருண்டு தூங்கிப்போயிற்று.

படகு அங்கே வந்தது மாலை ஐந்துக்கு. கரையில் பதினோரு இலை, ஒவ்வொன்றிலும் உப்பு. தலைவாழை இலையில் ஏகாம்பரத்தின் விண்ணப்பம். அதன் பெயருக்கு நேரே பச்சை மையில் ஒரு குறிப்பு: 'மென்மையானது. குழந்தைகளுக்கு வைக்கவும்.'

படித்த கையோடு ஏகாம்பரம் படகுக்கு ஓடியது. மூன்றும் மூச்சுக் காட்டாமல் துடுப்புப் போட்டு வீடு வந்து சேர்ந்தன. அன்று ராத்திரி தங்கப்பழத்தைக் கட்டிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்டா" என்று தேம்பியது ஏகாம்பரம்.

ஒரு வாரத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குறித்த நேரத்தில் வராததற்கு, வரும் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, அதே வளைவில், நேரில் ஆஜராகி விளக்கம் தர வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே காலுக்குப் போன் அடித்தது. ஏகாம்பரம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எடுத்தது.

"வந்துட்டே இருக்கேன் சார்" என்றது. "பாலத்துக்கிட்ட."

நீதி: சொன்ன நேரத்துக்குப் போகிறவர் இலைக்குப் போய்ச் சேருவார், சோம்பேறிச் சிநேகிதம் உள்ளவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்.