மாதிரிப்படி செய்த மாமனார்

அருப்புக்கோட்டை,
21-1-1974.

சீமையில் வைத்தியத் தொழில் பார்த்துவரும் அன்பு மைத்துனர் டாக்டர் ராஜகுரு அவர்களின் சமூகத்துக்கு, மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி ஐயாத்துரை எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்காள் முத்துமாரியும் பிள்ளைகளும் மழை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருக்கப்பெற்று இருக்கிறோம். தாங்கள் அங்கே மழை ஒன்று மட்டுமே இருக்கப்பெற்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் கொட்டிக் கலந்து பாதியாகப் பிரித்தால் இரண்டு ஊரும் பிழைக்கும். அது நிற்க.

தாங்கள், தங்கள் என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். மனசில் இருக்கும் காந்தலுக்கு இதற்கு மேல் அந்த மரியாதை கைக்கு வராது. நீ என்றே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் அம்மா, என் அத்தை கோகிலாம்பாள், பொங்கலுக்கு முதல் நாள் கோபித்துக்கொண்டு போய்ப் பாலவனத்தத்தில் தன் தங்கை வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி என் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன் அக்காள் எனக்கு இலை போடுகிறாள், சோறு வைக்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. தை கடைசி வெள்ளியில் உன் அப்பாவுக்கு மண்டபம் திறக்கிறோம் என்று நோட்டீஸ் அடித்துப் பந்தல்குடி முதல் பாளையம்பட்டி வரை கொடுத்தாகிவிட்டது. பெண்டாட்டி வராத மண்டபத்தை மருமகன் திறந்தான் என்றால் ஊர் காறித் துப்பும், அதையும் என் மண்டி வாசலில் வந்து துப்பும். இத்தனைக்கும் மூலகாரணம் நீ அனுப்பிய தாள்.

மாமா சண்முகவேல் போய் வருஷம் திரும்பப் போகிறதே, பந்தல்குடி ரோட்டுத் தோட்டத்தில் அவரை அடக்கிய இடத்தில் ஏதாவது கட்டலாம் என்று நான்தான் எழுதினேன். நாலு தூண், ஒரு கூரை, ஒரு படம், வருஷத்துக்கு ஒரு பொங்கல் என்பது என் எண்ணம். நீ அதற்குப் பதிலாக ஒரு குழாயில் ஆள் உயரத் தாளைச் சுருட்டி அனுப்பினாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர் ஊராகச் சர்ச்சுக்குப் போய், அங்கே பழைய பிரபுக்களைப் புதைத்த இடத்தில் அவர்கள் உருவத்தைச் செதுக்கிப் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டின் மேல் தாளை விரித்து, முழங்கால் போட்டுக் கறுப்பு மெழுகால் தேய்த்து, கீழே இருக்கிறவன் உருவத்தை மேலே எடுக்கிறாயாம். இதை அங்கே படித்தவர்கள் எல்லாம் செய்கிறார்களாம். அவ்வளவு நேரம் ஒரு நோயாளியைத் தேய்த்திருந்தால் அவன் சுளுக்காவது விட்டிருக்கும். தாளைப் பிரித்தால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மல்லாந்து படுத்துக் கைகூப்பிக் கிடக்கிறார்கள். அவனுக்கு உடம்பு முழுக்க இரும்புச் சட்டை, இடுப்பில் வாள், காலடியில் ஒரு நாய். மண்டிச் சுவரில் மாட்டினேன். வத்தல் காம்பு கிள்ளும் பிச்சையம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "மொதலாளி, செத்த பெறகும் கத்தியக் கழட்டலையே, இவுக என்ன போலீசா?" என்றாள். சீமைத் துரை என்று சொன்னேன். "தொரையா? அப்பச் சரி, அவுக எந்திரிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போறேன்" என்று போனவள் மறுநாள்தான் வந்தாள்.

நீ பக்கம் பக்கமாக எழுதியதில் எனக்கு விளங்கியது இதுதான். நம் ஊரில் கோயில் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் சாமிக்கே பூஜை கிடையாது, நடையைச் சாத்திவிடுவார்கள். அங்கே பிணத்தைக் கோயிலுக்குள்ளேயே புதைத்து, மேலே அதன் சாயலில் பொம்மை செய்து படுக்க வைத்து, சுற்றி நின்று பாட்டும் பாடுகிறார்கள். அதிலும் காசுள்ளவன் பீடத்தை ஒட்டி, நடுத்தரம் நடுவில், கூலிக்காரன் வெளியே மழையில். இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டனார்களை உயிரோடு இருக்கும்போதே கோயிலுக்கு வெளியில்தான் நிறுத்தினார்கள். செத்த பிறகு நிறுத்துகிறவன் எவ்வளவோ தேவலை. அந்தக் கல்லறைகளில் எழுதியிருப்பதையும் நீ தமிழில் ஆக்கி அனுப்பியிருந்தாய். ஒருத்தன் ஏழைக்குத் தகப்பன், ஒருத்தன் சத்தியவான், ஒருத்தன் பெண்டாட்டியைக் கண்ணில் வைத்துக் காத்தவன். அத்தனை சர்ச்சிலும் தேடி ஒரு அயோக்கியனைக்கூட உன்னால் எடுக்க முடியவில்லை. அப்படியானால் இங்கே வந்து நம்மைக் குனிய வைத்து வரி வாங்கினவர்களை எங்கே புதைத்தார்கள் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை விசாரி. அவர்கள்தான் இவர்கள் என்றால், அந்தக் கல்லில் எழுதினவன் என்னிடம் தரகு பார்க்க வேண்டிய ஆள்.

தாளில் படுத்திருக்கும் அம்மாளுக்கு இறந்த தேதி மட்டும் இல்லை. அதற்கும் ஒரு கதை எழுதியிருந்தாய். புருஷன் செத்ததும் பக்கத்தில் தன் உருவத்தையும் பொறிக்கச் சொல்லி, தேதிக்கு இடம் விட்டு வைத்தாளாம். அப்புறம் வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரில் போய்ப் புதைந்தாளாம். ஐந்நூறு வருஷமாக அந்த இடம் காலியாம். நீ இதைப் பெரிய காவியம் மாதிரி எழுதியிருந்தாய். அட்வான்ஸ் கொடுத்துக் கடையைப் பிடித்துவிட்டுக் குடிவராமல் போனவள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரே வரி: "இதே மாதிரி அப்பாவுக்குச் செய்யுங்கள் மச்சான்."

என் தொழில் உனக்குத் தெரியும். ஒரு கை வத்தலை எடுத்து இதுதான் மாதிரி என்று காட்டிவிட்டால், வந்து இறங்குகிற மூட்டை அத்தனையும் அந்தக் கையில் இருந்தது போலவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லோடோடு திருப்பிவிடுவேன். திருச்சுழிக் கல்தச்சர் இருளப்பசாமியை வரவழைத்து, அளவுக்கு உன் தாள், கல்லில் எப்படித் தெரியும் என்பதற்கு நீ தாளோடு அனுப்பிய, சர்ச்சில் படுத்திருக்கும் சலவைக்கல் தம்பதி படம் போட்ட கார்டு, முகத்துக்கு மாமா போட்டோ, மூன்றையும் கொடுத்தேன். மாமா தனியாக எடுத்த போட்டோ கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே செலவு என்று அத்தையோடு சேர்ந்து மதுரையில் எடுத்ததுதான் ஒன்று. "மாதிரிக்கும் சரக்குக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் எடுக்க மாட்டேன்" என்றேன். "நாயும் செய்யணுமா மொதலாளி?" என்றார். "மாதிரியில நாய் இருக்கா இல்லையாய்யா?" "இருக்கு." "அப்பச் செய்யி." அதன் பிறகு தூத்துக்குடி லோடு, விருதுநகர் மார்க்கெட் என்று அலைந்ததில் நான் திருச்சுழிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் லாரியில் வந்து இறங்கி, மண்டபத்தில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். அத்தையைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நான் முதலில் மாமாவைப் பார்த்தேன். நின்றால் என் தோளுக்கு வருவாரே, அவர் கல்லில் ஆறடி. உடம்பு முழுக்க இரும்புச் சட்டை, அதற்கு மேல் போட்டோவில் இருந்த துண்டு. மார்பில் கூப்பிய கை. இடுப்பில் வாள். காலடியில் நாய். தெருநாயைக் கண்டால் தராசில் இருக்கும் எடைக்கல்லைத் தூக்கி எறிகிற மனுஷன். அப்படி எறிந்த கல் ஒன்று இன்னும் அகப்படவில்லை. அந்த நாய் இப்போது அவர் பாதத்தில் முதுகைச் சாய்த்துச் சுகமாகக் கிடக்கிறது. பக்கத்தில் அத்தை. பொட்டு, தலை நிறையப் பூ, கழுத்தில் தாலி, எல்லாம் போட்டோவில் உள்ளபடி. மூக்கு மட்டும் பாதி.

அத்தை வெகுநேரம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தலைமாட்டில் நட்டிருக்கும் கல்வெட்டை வாசிக்கச் சொன்னார்கள். நீ எழுதி அனுப்பியபடியே வாசித்தேன்: "சாந்த குணமும் தயாள சிந்தையும் உடையவர், ஏழைகளின் தோழர், மனைவியின் சொல்லை மதித்து நடந்தவர்." அத்தை முகம் சுண்டிப் போயிற்று. கல்லைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர்கள் ஒரு இடத்தில் நின்றார்கள். "இதென்ன மாப்பிள்ளை, இங்கன மட்டும் எழுத்து இல்லாம வழுவழுன்னு இருக்கு?"

"அது ஒங்களுக்கு அத்தை. பின்னால எழுதிக்கிறதுக்கு."

வியாபாரத்தில் இத்தனை வருஷம் எது சொல்லக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்தவன், அந்த இடத்தில் கோட்டை விட்டேன். அத்தை காரில் ஏறவில்லை. ரோட்டில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, டவுனில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துப் பாலவனத்தம் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் உன் அக்காள் வாசலில் நிற்கிறாள். "உசுரோட இருக்கிற எங்கம்மாவக் கல்லாக்கிப் படுக்கப் போட்டு, சாவுற தேதிக்கு எடமும் விட்டு வச்சிருக்கீகளே, ஒங்க ஆத்தாவுக்கு இப்பிடிச் செய்வீகளா?" என்றாள். அவள் கடைசியாக என்னோடு பேசியது அதுதான்.

இருளப்பசாமியைப் பிடித்துக் கேட்டேன். "என்னய்யா, மூக்கு எங்க?"

"கார்டுல அந்தத் தொரசாணிக்கு மூக்கு ஒடஞ்சுல்ல இருக்கு மொதலாளி. ஒரு நூல் வித்தியாசம் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீக? முழு மூக்கு வச்சு முடிச்சிட்டுப் பெறகு தட்டி ஒடச்சேன். மொத்த வேலையிலயும் அதுக்குத்தான் ரெண்டு நாளு பிடிச்சுச்சு."

இத்தனை வருஷத் தொழிலில் மாதிரிக்குச் சரியாக வந்து இறங்கிய சரக்கு இது ஒன்றுதான். சரி, அத்தை சிலையை மட்டும் உடைத்து எடுத்துவிடு, மாமா தனியாகப் படுக்கட்டும் என்றால், பெற்ற மகன் வாய்ச்சொல் இல்லாமல் ஒரு தாய் முகத்தில் உளி வைக்க மாட்டேன் என்கிறார். ஆகையால் இந்தக் கடிதம் கண்ட உடனே "உடைக்கவும்" என்று ஒரு தந்தி கொடு. அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அதில் உன் சர்ச்சைப் பற்றியோ பித்தளையைப் பற்றியோ ஒரு எழுத்து இருக்கக் கூடாது. "அம்மா, தப்பு என்னுது, மச்சான் மேல் கோபப்படாதே" என்று மட்டும் எழுது. பாலவனத்தத்தில் இருந்து அத்தை திரும்பினால்தான் திறப்பு விழா. அவர்கள் திரும்பினால்தான் எனக்கு என் வீட்டில் பேச்சுத் துணை.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். நனையாதே. கோட்டுச் சட்டையைத் தேய், தரையைத் தேய்க்காதே. உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் அக்காளும் ஆசீர்வாதம் சொல்லியிருப்பாள், பேசுகிற நிலைமையில் இருந்திருந்தால். சொக்கலிங்கபுரத்துச் சாமி உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும், கல்லில் இல்லை, உடம்போடு.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ஐயாத்துரை.

பின்குறிப்பு: தந்தி கொடுக்காதே. கவரை ஒட்டித் தபாலில் சேர்ப்பதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஒட்டியதைப் பிரித்து இதை எழுதுகிறேன். புதன்கிழமை அத்தை தாமாகவே வந்து இறங்கினார்கள். வந்ததும் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ளை, கல்லுல இருக்கிற அந்தப் பொம்பளைய எவனும் தொடக் கூடாது. பொட்டும் பூவுமா நல்லாத்தான் கெடக்கா. மூக்க மட்டும் வச்சு, ரெண்டு பக்கமும் மூக்குத்தி போடச் சொல்லுங்க" என்றார்கள்.

"அப்பறம் எதுக்கு அத்தை கோவிச்சுக்கிட்டுப் போனீக?"

"கோவம் வராம? சாந்த குணம், தயாள சிந்தை, பொண்டாட்டி சொல்ல மதிச்சவருன்னு நீங்கதான வாசிச்சீக? அப்பிடி ஒரு மனுசன நான் கண்ணால கண்டதில்ல. எவனோ ஒரு அந்நிய ஆம்பள பக்கத்துல என்னையப் படுக்கப் போட்டுட்டு நிக்கிறீகளே!"

"அது மாமாதான் அத்தை."

"அவுகதான்னா இன்னும் மோசம். தூக்கி வெளிய நிறுத்துங்க. நாப்பது வருசம் நான் அவுக வீட்டுக்குக் காவல் இருந்தேன்ல, இனி அவுக வெளிய நின்னு எனக்குக் காவல் இருக்கட்டும்."

இருளப்பசாமிக்கு மகன் வாய்ச்சொல் தேவைப்படவில்லை, பெண்டாட்டி வாய்ச்சொல்லே போதும் என்றுவிட்டார். மறுநாளே மாமாவை நிமிர்த்தி ரோட்டோரம் நாயோடு நிறுத்தியாகிவிட்டது. வாளும் நாயும் இருக்கவே தூத்துக்குடி லாரிக்காரர்கள் காவல் தெய்வம் என்று இறங்கித் தேங்காய் உடைக்கிறார்கள். ஒரு டிரைவர் என்னிடமே சொன்னான்: "நம்மளப் பாத்துக் கும்பிடுற சாமி இது ஒண்ணுதான் மொதலாளி." யாருக்கும் ஒரு சுருட்டு வாங்கிக் கொடுத்தறியாத மனுஷனுக்கு இப்போது நாய்க்கும் சேர்த்துச் சுருட்டு வருகிறது. நீ எழுதிய கல்வெட்டை என்ன செய்ய என்று கேட்டேன். அத்தை உத்தரவுப்படி கிணற்றடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். துணி துவைக்க நன்றாக இருக்கிறது. உன் அக்காள் பேச ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

கல்வெட்டைப் பெயர்ப்பதற்கு முன்னால் தேதிக்கு விட்ட இடத்தை மட்டும் அறுத்து எடுத்து, அத்தை தன் சிலையின் காலடியில் பதிக்கச் சொல்லிவிட்டார்கள். அது காலியாகவே இருக்கட்டுமாம், அவசரம் ஒன்றும் இல்லையாம். அந்தச் சீமை அம்மாள் கதையையும் நான் சொன்னேன். அத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு உனக்கு எழுதச் சொன்னார்கள்: "அந்தத் தொரசாணிய ரெண்டாவது கட்டுனவன் நல்லா வச்சுக்கிட்டானான்னு ராஜகுருவ விசாரிச்சு எழுதச் சொல்லுங்க."