ஏழு முறை தோற்ற கிளர்ச்சி

நடந்ததை எழுதி வரலாற்றாசிரியர் என்று பேர் வாங்கியவர்கள் உலகில் எத்தனையோ பேர். நடக்காததை எழுதி, அதற்கு அரசாங்க முத்திரையும் வாங்கிய ஒரே மாமனிதர் நம் பேராசிரியர்தான்.

அந்நியப் படை நகருக்குள் வந்த மூன்றாம் வருடம் ராணுவ ஆளுநருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பேராசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாங்க வந்த அன்னைக்கே நீங்கள்லாம் சேர்ந்து எதிர்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தோத்திருப்போம் ஐயா." யோசிக்கவே இல்லை. மேதைகளுக்கு அது தேவைப்படாது.

"இனிமே எதிர்த்தா?"

"அப்பவும் தோத்துடுவோம்."

"எழுத்துல கொடுங்க."

இப்படித்தான் 'கிளர்ச்சி வெற்றிவாய்ப்பு ஆய்வுக் குழு' பிறந்தது. தலைவர் அவர். உறுப்பினரும் அவரே. கூட்டங்களில் கருத்து வேற்றுமை என்ற பேச்சுக்கே இடமில்லை. வாசலில் ஒரு கார், அறையில் ஒரு மின்விசிறி, முந்நூறு பக்கம் வெள்ளைத்தாள். 'இப்படி நடந்திருந்தால்' என்று ஏழு கற்பனை வரலாறுகள் எழுதினார். ஒன்றில் பாலம் தகர்ந்தது. இன்னொன்றில் ரயில் கவிழ்ந்தது. ஏழிலும் கிளர்ச்சி மண்ணைக் கவ்வியது. ஐந்தாவதில் மட்டும் நாற்பதாம் பக்கம் வாக்கில் கிளர்ச்சிக்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள் போலிருந்தது. பதறிப்போய் ஒரு பெருமழையைப் பெய்யவிட்டு அத்தனை பேரையும் ஆற்றோடு அனுப்பினார்.

அவருடைய தங்கை ராணுவச் சீருடை தைக்கும் கூடத்தில் தையற்காரி; மூன்றாம் வரிசை, எட்டாவது மெஷின். ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு.

"அண்ணே, உன் ஏழு கதையிலயும் பொம்பளைங்க எங்க?"

"ஏன், இருக்காங்களே. மூணாவதுல அழுறாங்க."

தங்கை சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தாள். "அணிவகுப்புக்குத் தைக்கிற கால்சட்டை எல்லாம் பின்பக்கம் ஒத்தை இழையிலதான் நிக்குது. யார்கிட்டயும் சொல்லிடாத."

படை வந்த ஆண்டு விழா. ஆயிரத்து இருநூறு வீரர்கள் கொடிக்கு முன் மண்டியிட்டார்கள். டர்ரென்று ஒரு சத்தம், வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு கிழவர் களுக்கென்றார். அவ்வளவுதான். மூன்று வருடமாகச் சிரிக்காத ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாயங்காலம் ஊரடங்கு அறிவிக்க வந்த அதிகாரியைப் பார்த்தும் சிரித்தது. அவர் கால்சட்டை நன்றாகத்தான் இருந்தது.

ஆளுநர் பேராசிரியரை அழைத்தார். "இது கிளர்ச்சிதானே?"

"இல்லை ஐயா. தையல் பிழை."

"யாரோட பிழை?"

மட்டமான நூல் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் வழியே கார் தெரிந்தது. ஞாயிறு தட்டை எடுத்த தங்கையின் கை நினைவுக்கு வந்தது. மறுபடியும் கார் தெரிந்தது. பாசத்தைவிட ஆய்வு நேர்மையே பெரிதென்று கருதிய அந்த உத்தமர், 'மூன்றாம் வரிசை, எட்டாவது மெஷின்' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிரவு அவரால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

தங்கைக்குப் பதினாலு மாதம் சிறை. மற்ற மெஷின்கள் ஓயவில்லை. பூட்ஸுக்கு அடிப்பாகம் கழன்றது, தொப்பி நெற்றிக்கு இறங்கியது. சிரிக்கப் பழகிவிட்ட ஊரை அதட்டிப் பார்த்தார்கள், சுட்டும் பார்த்தார்கள். செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த கூட்டம் பயப்படுவதை மறந்திருந்தது. ஒரு நாள் காலை ராணுவ லாரிகள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போயின.

புதிய அரசுக்குப் 'போராட்ட வரலாற்றுக் குழு' தேவைப்பட்டது. முன் அனுபவம் உள்ளவர் ஒருவர்தான். ஏழு வரலாறுகளிலும் 'தோற்றது' என்பதை 'வென்றது' என்று திருத்தினார். ஐந்தாவதில் மழையை அப்படியே வைத்துக்கொண்டு ராணுவத்தை ஆற்றில் விட்டார். போராளிச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

வரிசையில் தங்கை வந்து நின்றாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

"என்னம்மா வேணும்?"

"அண்ணே, நான்தான்."

"தெரியுதும்மா." அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா விதிமுறைன்னு ஒண்ணு இருக்கே. நீ போராடுனதுக்கு எழுத்துல ஆதாரம் வேணும். அந்தக் காலத்துல பொறுப்புல இருந்த யாராவது கையெழுத்துப் போட்டிருந்தா போதும்."

விடுதலையான அன்று சிறையில் அவளுடைய வழக்குக் கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்து, அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"உன்னோட கையெழுத்து செல்லுமாண்ணே?"